மருந்தாய்வில் நோயாளியின் இடம்: ஆலோசனைக் குழுவிலும் துணையாளராகவும் முதன்முறை சேர்பவர்களுக்கு

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குச் சிகிச்சை எடுத்துக் குணமானவர்களுக்கு, சில மாதங்கள் கழித்து, சிகிச்சை பெற்ற இடத்திலிருந்தே ஓர் அழைப்பு வருவதுண்டு. புதிய மருந்துக் கூட்டு ஒன்றைச் சோதிக்கும் ஆய்வு தொடங்கவிருக்கிறது, அதன் சமூக ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருக்க முடியுமா, அல்லது ஆய்வில் சேரும் நோயாளிகளுக்குத் துணையாக இருக்க முடியுமா என்று கேட்பார்கள். அந்த அழைப்பைப் பெற்று, ஒப்புக்கொள்ளலாமா, ஒப்புக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டுகளைக் காசநோய் ஆய்வுகளிலிருந்தே எடுத்திருக்கிறேன். எச்ஐவி, புற்றுநோய் ஆய்வுகளுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

இந்தப் பொறுப்பு எப்படி உருவாயிற்று

காசநோய் ஆய்வுக்குச் சென்னையில் நீண்ட மரபு உண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், தன் முதல் ஆய்வில் 193 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு சிகிச்சை அளித்தது. நெரிசலான வீடுகளில், போதிய உணவின்றி இருந்தவர்களும் மாத்திரைகளால் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்றும், அவர்களோடு இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்றும் அந்த ஆய்வு காட்டியதால், உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கே மாறியது. நோயாளிகள் மாத்திரையை உண்மையில் விழுங்குகிறார்களா என்று பார்க்க, பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். ஆய்வுக்கு அது தேவையான கண்காணிப்புதான். ஆனால் இன்று உங்களிடம் கேட்கப்படுவது அந்த வேலை அன்று. இந்த வேறுபாட்டை மறந்துவிடும் துணையாளர்கள் பலர்.

நோயாளிகள் ஆய்வின் திட்டத்திலேயே பேச வேண்டும் என்ற கோரிக்கையை வலுவாக எழுப்பியவர்கள் அமெரிக்காவின் எய்ட்ஸ் நோயாளிகள். 1983-இல் டென்வர் நகரில் கூடியவர்கள், முடிவெடுக்கும் ஒவ்வொரு மட்டத்திலும் தங்களுக்கு இடம் வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார்கள்; 1988 அக்டோபரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைமையகத்தையே முற்றுகையிட்டார்கள். இவற்றின் தொடர்ச்சியாக எச்ஐவி தடுப்பு ஆய்வுகளுக்கு 2007-இலும், காசநோய் மருந்தாய்வுகளுக்கு 2012-இலும் சமூகப் பங்கேற்புக்கான நெறிகள் எழுதப்பட்டன. மருத்துவ ஆய்வுகளுக்கெல்லாம் அடிப்படையான ஹெல்சின்கி பிரகடனமும் 2024 திருத்தத்தில், ஆய்வுக்கு முன்பும் நடக்கும்போதும் முடிந்த பிறகும் பங்கேற்பாளர்களோடும் அவர்களுடைய சமூகத்தோடும் கலந்து செயல்பட வேண்டும் என்கிறது. ஆகவே உங்களை அழைப்பவர் உங்களுக்குச் சலுகை எதுவும் செய்யவில்லை. தான் செய்ய வேண்டியதைச் செய்கிறார்.

முதற்படி: எந்த இடத்தில் அமரப்போகிறீர்கள் என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

மூன்று இடங்கள் உள்ளன. சமூக ஆலோசனைக் குழு, ஆய்வுத் திட்டத்தைப் பற்றி ஆய்வாளர்களுக்கு யோசனை சொல்லும். அதற்குத் தடுக்கும் அதிகாரம் கிடையாது. ஆய்வை நோயாளிகளின் உரிமையும் பாதுகாப்பும் கருதிப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு அந்த அதிகாரம் உண்டு. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி அதில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப்பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். மருத்துவத் துறை சாராத பொதுமனிதர் ஒருவரும் பெண் உறுப்பினர் ஒருவரும் கட்டாயம். மூன்றாவது, ஆய்வில் சேர்ந்த நோயாளியோடு பேசி உடனிருக்கும் துணையாளர்.

முதல் இடத்தையும் மூன்றாவது இடத்தையும் ஒருவரே ஏற்பது நடைமுறையில் சாதாரணம்; ஆட்கள் குறைவு என்பதால் அப்படிச் செய்கிறார்கள். முடிந்தவரை தவிருங்கள் என்பதே என் கருத்து. துணையாளராக நீங்கள் கேட்ட ஒருவருடைய சொந்தச் சிக்கல், குழுக் கூட்டத்தில் பெயரில்லாமல் நீங்கள் சொன்னாலும், இருபது பேர் மட்டுமே சேர்ந்திருக்கும் மையத்தில் யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை

குழுவின் வேலை என்ன, பதவிக்காலம் எவ்வளவு, யார் யாரை நீக்கலாம் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். பயணச் செலவும், அன்று இழக்கும் கூலியும் தருகிறார்களா, எத்தனை நாளில் தருகிறார்கள் என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கூட்டம் முடிந்து மூன்று மாதம் கழித்து வங்கிக் கணக்கில் வரும் பேருந்துக் கட்டணம், தினக்கூலிக்காரருக்குப் பயன்படாது. இதைவிட முக்கியமானது உங்கள் அடையாளம். கூட்டத்தில் எடுக்கும் குழுப் புகைப்படம் எங்கே போகும்? ஆண்டறிக்கையில் பெயர் வருமா? காசநோய் வந்து போனது தெரிந்தால் கல்யாணப் பேச்சு நின்றுபோகும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன; திருமணமாகாத பெண்கள், வீட்டு வேலை அல்லது உணவகத்தில் வேலை செய்பவர்கள் இதைத் தீர யோசித்தே கையெழுத்திட வேண்டும். பெயரில்லாமல் பங்கேற்க ஏற்பாடு உண்டா என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

உங்கள் உடல்நிலையையும் பாருங்கள். சிகிச்சை முடிந்து இன்னும் மூச்சிரைப்பு இருக்கிறது, அந்த மருத்துவமனை வாசனையே கலக்கம் தருகிறது என்றால், ஆறு மாதம் கழித்து வருகிறேன் என்று சொல்லலாம்.

ஆய்வைப் படிப்பது

ஆய்வுத் திட்டம் நூறு பக்கத்துக்கு மேல் ஆங்கிலத்தில் இருக்கும். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. அதன் சுருக்கத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியது, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு. சிடிஆர்ஐ என்ற பெயரில் 2007-இல் தொடங்கி, 2009 ஜூன் 15 முதல் மருந்தாய்வுகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட இந்தப் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஆய்வின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கித் தேடினால், பணம் தருவது யார், எந்தெந்த மருத்துவமனைகளில் நடக்கிறது, நெறிமுறைக் குழு அனுமதி வந்துவிட்டதா, யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள் என்பவை தெரியும். எண்ணே தர மறுத்தால் அந்த ஆய்வில் உங்களுக்கு வேலை இல்லை.

இரண்டு செய்திகளை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். ஒன்று, குலுக்கல் முறை. எந்த நோயாளிக்குப் புதிய மருந்து, எவருக்கு வழக்கமான மருந்து என்பதை மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை, கணினி தீர்மானிக்கிறது. புதியதுதான் சிறந்தது என்று தெரிந்திருந்தால் ஆய்வே தேவைப்படாது என்பதால், வழக்கமான மருந்து கிடைத்தவர் ஏமாற்றப்பட்டவர் ஆகமாட்டார்.

மற்றொன்று, ஆய்வின் முதன்மை முடிவாக எதை அளக்கப்போகிறார்கள் என்பது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பெலாரஸ், தென்னாப்பிரிக்கா, உஸ்பெகிஸ்தான் ஆகிய நாடுகளில் நடத்திய டிபி-பிராக்டிகல் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். பெடாகுயிலின், பிரெடோமானிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் சேர்ந்த ஆறு மாத மாத்திரைச் சிகிச்சையில் 89 விழுக்காட்டினருக்கும், அப்போதைய வழக்கமான சிகிச்சையில் 52 விழுக்காட்டினருக்கும் சாதகமான முடிவு கிடைத்தது. இந்தியாவும் 2024 செப்டம்பரில் இந்தச் சிகிச்சையை ஏற்றுக்கொண்டது. அந்த ஆய்வில் சாதகமற்ற முடிவு என்றால் இறப்பு மட்டுமன்று. மருந்தை இடையில் நிறுத்தியதும், தொடர்பு விட்டுப்போனதும்கூட அதில் சேரும். வழக்கமான சிகிச்சைப் பிரிவில் அந்த எண்ணிக்கை உயர்ந்ததற்குப் பெருங்காரணம், இடையில் நின்றுபோன சிகிச்சைதான்.

இது ஏன் உங்களுக்குத் தேவை? நோயாளி ஒருவர் ஆய்விலிருந்து விலகினால் ஆய்வுக் குழுவுக்கு நட்டம். அவர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும், விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கு உண்டு. அந்த நெருக்கடி ஒருநாள் கைப்பேசி வழியாக உங்களிடம் வரும்: "நீங்க சொன்னா கேப்பாங்க, ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்." அதற்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்வது நல்லது.

ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் பேசுவது

திட்டம் நெறிமுறைக் குழுவுக்குப் போவதற்கு முன்பே உங்களிடம் வர வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு கூட்டும் ஆலோசனைக் கூட்டம், தேநீரும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு வருவதற்கு மட்டுமே உதவும்; ஏனெனில் அதன்பின் ஒரு வரி மாற்றவும் புதிதாக அனுமதி பெற வேண்டும் என்பார்கள்.

எத்தனை நோயாளிகள் தேவை, எந்தப் புள்ளியியல் முறை என்பவற்றில் நீங்கள் சொல்ல அதிகம் இல்லை. வருகை அட்டவணையில்தான் உங்கள் அறிவு முழுமையாகப் பயன்படும். அதைக் கையில் வாங்கி, ஒரு நோயாளியின் ஒரு நாளாக மாற்றிப் பாருங்கள். பெடாகுயிலின் இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடும் என்பதால் அடிக்கடி ஈசிஜி எடுப்பார்கள். அட்டவணையில் அது ஒரு பெருக்கல் குறி. நோயாளிக்கோ, விடியற்காலைச் சளியைக் குப்பியில் பிடித்து, முதல் பேருந்தைப் பிடித்து, வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்து, ஈசிஜி அறை திறக்கும்வரை காத்திருந்து, மருத்துவரைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்கு வெளியே வருகிற நாள். இரத்தம் எடுத்தவுடன் இட்லியாவது கொடுக்க முடியுமா, ஈசிஜியை அதே தளத்தில் எடுக்க முடியுமா, மில் வேலைக்குப் போகிறவருக்குச் சனிக்கிழமை மாற்றித் தர முடியுமா என்ற கேள்விகள் சிறியவையாகத் தோன்றினாலும், ஆய்வில் நோயாளி நிலைப்பதையும் விலகுவதையும் பெரும்பாலும் இவைதான் தீர்மானிக்கின்றன.

அடுத்து, பக்கவிளைவுகளில் எதைப் பெரிதாக எண்ணுவது என்ற கேள்வி. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குப் போடப்பட்டுவந்த கானமைசின் ஊசியால் பலர் செவித்திறனை இழந்தார்கள். அவர்களும் அவர்களுக்காகக் குரல் கொடுத்த அமைப்புகளும் விடாமல் பேசிவந்தார்கள். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த ஊசியை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. குளோஃபாசிமின் என்ற காசநோய் மருந்து தோலைக் கருக்கச் செய்யும். மருத்துவப் படிவத்தில் அது லேசான விளைவாகவே குறிக்கப்படும், மருந்து நின்றபின் மெல்ல மங்கியும் விடும். ஆனால் பக்கத்து வீட்டார் கேட்கும் கேள்வியால் மருந்தை நிறுத்தும் பெண்ணுக்கு அது லேசானது அன்று. இதைக் கூட்டத்தில் சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. ஆய்வில் சேர்ந்தவருக்கு காசநோயாளிகளுக்கு அரசு ஊட்டச்சத்துக்காகத் தரும் நிக்ஷய் போஷண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் தடையின்றி வருமா, வீட்டுக்கு வரும் பணியாளர் முகக்கவசமும் அடையாள அட்டையும் அணிந்து தெருவில் விசாரித்துக்கொண்டு வருவாரா, இளம்பெண்ணிடம் கர்ப்பப் பரிசோதனை பற்றி மாமியார் முன்னிலையில் பேசுவார்களா என்பவற்றையும் கேளுங்கள்.

கூட்டக் குறிப்பில், நீங்கள் சொன்ன ஒவ்வொரு யோசனைக்கும் எதிரே "ஏற்கப்பட்டது" அல்லது "ஏற்கவில்லை, காரணம் இது" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த ஒரு வழக்கம் இருந்தாலே குழு உயிரோடு இருக்கும்.

தகவல் தாளையும் ஒப்புதல் படிவத்தையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்

தமிழ்த் தகவல் தாளை, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய உறவினர் ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லி, அவர் எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆவணத்தை வெளியே காட்டலாமா என்று முதலில் அனுமதி கேட்டுவிடுங்கள். படித்து முடித்ததும், வேண்டாம் என்று தோன்றினால் எப்போது விலகலாம், யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் தாளைத்தான் திருத்த வேண்டும்.

சட்டப்படி அதில் இருக்க வேண்டியவற்றையும் சரிபாருங்கள். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது. காயமோ பாதிப்போ நேர்ந்தால் இலவச மருத்துவம். நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம். படிக்கத் தெரியாதவருக்கு, சார்பற்ற சாட்சி ஒருவர் தொடக்கம் முதல் முடிவுவரை உடனிருக்க வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதி நோயாளியிடம் தரப்பட வேண்டும். மேலே சொன்ன சார்பற்ற சாட்சியாக நீங்கள் இருக்காதீர்கள். ஆய்வோடு தொடர்புள்ளவர் சார்பற்றவர் ஆக முடியாது.

துணையாளராகப் பழகுவது

நோயாளி ஆய்வில் சேரும் முடிவை எடுக்கும்வரை நீங்கள் ஒதுங்கியிருப்பதே சரி. அவரே உங்களைப் பார்க்க விரும்பினால், மாத்திரை எடுத்த காலத்தில் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள். "எனக்குக் குணமாச்சு, நீங்களும் சேருங்க" என்ற ஒரு வாக்கியம், ஒப்புதல் தாளின் பத்துப் பக்கத்தையும் செல்லாமல் ஆக்கிவிடும். நோயில் அஞ்சி நிற்பவர் அதைத் தகவலாகக் கேட்பதில்லை, வாக்குறுதியாகவே கேட்கிறார். உங்களுக்குக் கிடைத்தது வேறு மருந்தாகவும் இருந்திருக்கலாம்.

சேர்ந்தபின், உங்கள் எண்ணைத் தரலாமா என்பதை நோயாளியே தீர்மானிக்கட்டும். அவருடைய மருத்துவக் கோப்பை நீங்கள் பார்க்கக் கூடாது. ஆய்வின் அன்றாட வேலைகளைப் பார்க்கும் ஒருங்கிணைப்பாளர் காட்ட வந்தாலும் மறுத்துவிடுங்கள். முதல் பேச்சிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நீங்கள் சொல்வதை வெளியே சொல்லமாட்டேன், ஆனால் உடலுக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் ஆய்வு மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், சொல்லும்முன் உங்களிடம் தெரிவிப்பேன். இதை முதலில் சொல்லாமல் பின்னால் சொன்னால் நம்பிக்கை முறிந்துவிடும்.

மருத்துவர் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பவர், உங்களிடம் வேறு மாதிரி பேசுவார். லினசோலிட் நரம்புகளைப் பாதிக்கக்கூடிய மருந்து. அதை உண்பவர் கால் மரத்துப்போகிறது என்று சொல்லமாட்டார். "நடக்கும்போது செருப்பு கழண்டு பின்னாடி கிடக்குது, எனக்குத் தெரியவே இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். "டிவியில சிவப்பு கலர் மங்கலாத் தெரியுது, டிவி பழசாயிடுச்சு போல" என்பார். படியேறினால் களைப்பு என்பார். முதலாவது கால் நரம்பு, இரண்டாவது பார்வை நரம்பு, மூன்றாவது இரத்தசோகை ஆகியவற்றின் அறிகுறியாக இருக்கலாம். உங்கள் வேலை நோயைக் கண்டறிவது அன்று. அன்றே ஒருங்கிணைப்பாளரை அழைக்கச் சொல்வதும், நோயாளி தயங்கினால் அவரருகில் அமர்ந்து அழைக்க உதவுவதும்தான். பார்வைக் குறையைக் காலத்தோடு கவனித்தால் மீட்க வாய்ப்புண்டு. "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, போயிடும்" என்று ஆறுதல் சொல்வது, அன்பினால் செய்யும் பெருந்தவறு. மாத்திரையைக் குறைக்கவோ, ஒருவேளை விடவோ, நாட்டு மருந்து சேர்க்கவோ யோசனை சொல்லாதீர்கள்.

கடினமான நிலை ஒன்று வரும். மாத்திரையை நான்கு நாளாகக் குப்பையில் போடுகிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள் என்பார் ஒருவர். திட்டுவதும் உடனே போய்ச் சொல்லிவிடுவதும் இரண்டுமே தவறு என்பேன். வாந்தியா, குடியா, வேலையிடத்தில் தெரிந்துவிடும் என்ற பயமா என்று முதலில் கேளுங்கள். மருந்து விட்டுவிட்டு எடுத்தால் கிருமி மேலும் எதிர்ப்பு பெறும் என்பதை நேராகச் சொல்லுங்கள். ஆய்வு வேண்டாம் என்றால் முறையாக விலகி, அரசுத் திட்டத்தின் வழக்கமான சிகிச்சையைத் தொடரலாம் என்ற வழியையும் காட்டுங்கள். குப்பைக்கூடை வழியாக விலகுவதைவிட அது அவருக்கும் ஆய்வுக்கும் நல்லது. பிறகு இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் சொல்ல ஒரு நாள் குறியுங்கள், நாளை அல்லது மறுநாள்.

வாட்ஸ்அப் குழு தொடங்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். எண்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதோடு, மாத்திரையின் நிறத்தையும் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, யார் எந்தப் பிரிவு என்று கண்டுபிடிக்கும் பேச்சு இரண்டே நாளில் தொடங்கிவிடும்.

பாதிப்பு நேர்ந்தால்

மருத்துவமனையில் சேர்க்கும்படியான பாதிப்பு, உயிராபத்து, இறப்பு ஆகியவற்றை ஆய்வு மருத்துவர் அறிந்த 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும், ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். வேறு மருத்துவமனையில் சேர்ந்தால் ஆய்வு மருத்துவருக்குத் தெரியாமலே போகக்கூடும் என்பதால், ஆய்வில் இருப்பதைக் காட்டும் ஆய்வு அட்டையை நோயாளி எப்போதும் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆய்வினால் நேர்ந்த இறப்புக்கு 2019 விதிகளில் இழப்பீட்டுச் சூத்திரமே உள்ளது: 8 லட்ச ரூபாயை அடிப்படையாகக் கொண்டு, வயதையும் ஆய்வில் சேரும்போது இருந்த நோயின் கடுமையையும் கணக்கிட்டுத் தொகை முடிவாகும், ஆணை வந்த 30 நாளுக்குள் நிறுவனம் கொடுக்க வேண்டும். நிரந்தர ஊனத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. தொகையைப் பற்றிக் குடும்பத்தாருக்கு நம்பிக்கை எதுவும் கொடுக்காமல், தகவல் தாளில் உள்ள நெறிமுறைக் குழுவின் எண்ணை எடுத்துக் கொடுங்கள்.

ஆய்வு முடியும்போது

கடைசி வருகைக்குப் பின் நோயாளியை அழைப்பவர் எவரும் இருக்கமாட்டார்கள். காசநோய் ஆய்வில் மருந்து முடிந்த பிறகும் பல மாதங்கள் தொடர்ந்து பார்ப்பார்கள் என்பதால், அந்தக் காலத்துக்கும் துணையாளர் உண்டா என்பதை முதல் கூட்டத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். முடிவுகள் மருத்துவ இதழில் வெளிவருவதற்கு முன்போ, வெளிவரும் வாரத்திலோ, பங்கேற்றவர்களுக்குத் தமிழில் இரண்டு பக்கத்தில் தரப்படுமா, தமக்கு எந்தப் பிரிவு கிடைத்தது என்பதை விரும்புகிறவர்களுக்குச் சொல்வார்களா, புதிய மருந்து நன்றாக வேலை செய்தால் வழக்கமான சிகிச்சையில் தோல்வியடைந்தவர்களுக்கு அது கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளையும் குழுவின் கூட்டக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள். உங்களிடம் இருக்கும் நோயாளிகளின் எண்களையும் குறிப்புகளையும், அவர்களில் யார் தொடர்பில் இருக்க விரும்புகிறார்கள் என்று கேட்டுக்கொண்டபின், மற்றவற்றை அழித்துவிடுங்கள்.